தந்தை நடத்திய சீட்டு முறிந்தபின் ஆலயத்தில் தலைநிமிர முடியவில்லை: விசுவாசம் இதற்கு என்ன சொல்கிறது?

கேள்வி: தெற்குத்தெரு ஆசிரியை

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

நெல்லைச் சீமையில் ஒரு கிராமத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் தந்தை நெடுங்காலமாக ஊருக்குள் சீட்டுப் பிடித்து வந்தார். பதிவு கிடையாது, ரசீது கிடையாது; ஒரு நீளமான கணக்கு நோட்டும், சபைக் கமிட்டியில் அவருக்கிருந்த இடமும்தான் மக்களுக்கு இருந்த உத்தரவாதம். முதலில் சீட்டை எடுத்தவர்களில் சிலர் பிறகு தவணை கட்டாமல் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பள்ளத்தை மூட என் தந்தை வட்டிக்கு வாங்கினார். வட்டியைக் கட்ட அடுத்த சீட்டின் பணத்தில் கைவைத்தார். கடைசியில் எல்லாம் சேர்ந்து முறிந்தது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் எங்கள் சபையார். பீடி சுற்றிச் சேர்த்த பெண்கள், மகளின் கலியாணத்துக்கென்று மாதாமாதம் கட்டியவர்கள், கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பியதில் மிச்சம் பிடித்தவர்கள். எங்களுக்கிருந்த மனையையும் அம்மாவின் நகைகளையும் விற்று ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தோம். மீதி அப்படியே நிற்கிறது. என் சம்பளத்திலிருந்தும் என்னால் இயன்றதைக் கொடுத்து வருகிறேன்.

நான் கேட்க வந்தது பணத்தைப் பற்றி அன்று. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறப்படும் முன்பே எழுந்து வந்துவிடுகிறேன். வாசலில் யாருடைய முகத்தையும் சந்திக்க எனக்குத் துணிவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனத்துக்கு, அதாவது சபையார் சேர்ந்துண்ணும் விருந்துக்கு, போவதை நிறுத்திவிட்டேன். எங்களால் பணத்தை இழந்தவர் பக்கத்தில் இலை போட்டு உட்கார உடம்பே கூசுகிறது. யாரும் என்னை ஏசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் நெருங்கும்போது பேச்சு நின்றுபோகிறது, அவ்வளவுதான். என் தந்தையோ ஆலயத்துக்கு வருவதே இல்லை. பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்.

ஜெபக்கூட்டத்தில் மூத்த சகோதரி ஒருவர் என் தோளில் கைவைத்து, "அவரை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் வெட்கப்படுவதில்லை" என்ற ரோமர் 10:11ஐச் சொல்லி ஜெபித்தார். அவர் அன்பினால்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்த வசனமே என்னைக் குற்றஞ்சாட்டத் தொடங்கியது. நான் விசுவாசிக்கிறேன், ஆனாலும் வெட்கப்படுகிறேன். அப்படியானால் என் விசுவாசம் குறையுள்ளதா? நான் செய்யாத ஒன்றுக்காக நான் ஏன் இப்படிக் குறுகிப்போகிறேன்? உண்மையாகவே இதைவிட்டு வெளியே வர வழி இருக்கிறதா? வசனம் தெரிந்தவர்களும், இப்படிப்பட்ட நிலையைக் கடந்தவர்களும் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற குருவானவர், நாகர்கோவில்

அன்பு மகளுக்கு, நீங்கள் எழுதியதை இருமுறை வாசித்தேன். உங்கள் விசுவாசத்தில் குறையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோமர் 10:11ல் பவுல் மேற்கோள் காட்டுவது ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் மூலைக்கல்லைப் பற்றிய வசனத்தை. அந்தக் கல்லின்மேல் நம்பிக்கை வைத்தவனை அது கைவிடாது, கடைசி நாளில் தேவனுக்குமுன் அவன் ஏமாந்தவனாக நிற்கமாட்டான் என்பதுதான் அங்கே வாக்குத்தத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் உங்கள் முகம் சிவக்காது என்று அந்த வசனம் சொல்லவில்லை. வாக்குத்தத்தமாகக் கொடுக்கப்பட்டதைப் பரீட்சையாக மாற்றி, அதில் நாம் தோற்றுவிட்டோம் என்று நம்மை நாமே வாட்டிக்கொள்வது விசுவாசிகளிடையே அதிகமாக நடக்கிறது. அதற்குப் பிரசங்கிகளாகிய எங்களுக்கும் பொறுப்பு உண்டு.

நீங்கள் செய்யாத ஒன்றுக்காக ஏன் குறுகுகிறீர்கள் என்று கேட்டீர்கள். நம் ஊரில் ஒருவரை, "இவர் யார் மகள்?" என்று கேட்டுத்தான் அறிந்துகொள்கிறோம். தந்தையின் நற்பெயரில் நீங்கள் வளர்ந்தீர்கள். கமிட்டி உறுப்பினரின் மகள் என்று மற்றவர்கள் கொடுத்த மரியாதையை அன்று எவ்வளவு இயல்பாக ஏற்றீர்களோ, அவ்வளவு இயல்பாகவே இன்று இந்த அவமானமும் உங்கள்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேதாகமத்தின் மக்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்பது பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் இஸ்ரவேலர் வாயில் சரளமாக வழங்கிய பழமொழி. எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பழமொழியை முறிப்பதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது. "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை, தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று அங்கே சொல்லப்படுவது ஆறுதல் வார்த்தை மட்டுமன்று. தேவனுடைய நியாயத்தீர்ப்பு எந்த முறையில் நடக்கிறது என்பதைப் பற்றிய தீர்மானமான அறிவிப்பு. பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம் என்று இயேசுவிடம் கேட்டபோது அவரும், "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார்.

ஆனால் இது தெரிந்தவுடன் வெட்கம் போய்விடாது என்பதை நான் அறிவேன். குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு என்று பிரசங்கிக்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். குற்றமில்லாத வெட்கத்தைக் கண்டால்தான் நாங்கள் திகைக்கிறோம். ஏனென்றால் அதற்கு அறிக்கையிட எதுவுமில்லை, மன்னிக்கவும் எதுவுமில்லை. இங்கேதான் சிலுவையை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். ரோமர்கள் சிலுவையை வலிக்காக மட்டும் பயன்படுத்தவில்லை. அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனையாக, வழிப்போக்கர் எல்லாரும் பார்க்கும்படி, ஆடையுரிந்து, உயர்த்தி நிறுத்தி, ஒரு மனிதனுடைய மானத்தை அழிப்பதற்கென்றே அது வகுக்கப்பட்டது. கி.மு. 63ல் ரோமப் பேச்சாளர் சிசரோ ஒரு வழக்கில் வாதாடியபோது, சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் உடலை மட்டுமல்லாமல் அவனுடைய எண்ணத்தையும் கண்ணையும் காதையும்கூட அண்டக்கூடாது என்றார். அந்த இடத்துக்கு நம்முடைய ஆண்டவர் போனார். எபிரெயர் நிருபம் 12:2ல் அவர் "அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து" என்று வாசிக்கிறோம். அவமானம் இல்லை என்று அவர் நடிக்கவில்லை. அதற்குத் தம்மைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. தாம் செய்யாத குற்றத்துக்காக ஊரார்முன் நிறுத்தப்பட்டவர் அவர். ஆகையால் உங்கள் கடைசி வரிசை அவருக்குத் தெரியாத இடமன்று.

ரோமில் பாலடைன் (Palatine) என்ற குன்றில் ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் கீறப்பட்ட படம் ஒன்றை 1857ல் கண்டெடுத்தார்கள். அரண்மனைப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்த இடம் அது என்று கருதுகிறார்கள். கழுதைத் தலையுள்ள ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். "அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. உடன் இருந்தவர்கள் ஒரு கிறிஸ்தவனைக் கேலி செய்து வரைந்த படம். அதே கட்டடத்தின் வேறோர் அறையில், வேறொரு கையெழுத்தில், "அலெக்சமெனோஸ் விசுவாசமுள்ளவன்" என்று ஒரு வரி காணப்படுகிறது. அதை எழுதியவர் அவன்தானா, அவனுக்காக மற்றொருவரா என்று யாராலும் சொல்லமுடியாது. மற்றொருவராக இருக்கவேண்டும் என்றே என் மனம் விரும்புகிறது. அவமானப்பட்டவனுக்காக இன்னொருவன் சுவரில் எழுதுவதுதான் சபை என்று நான் நம்புகிறேன். உங்கள் விஷயத்தில் உங்கள் சபை இன்னும் அந்த வரியை எழுதவில்லை என்பது எனக்கு வருத்தமாயிருக்கிறது.

பதில்: ஜெபவீரன்

சகோதரிக்கு ஸ்தோத்திரம். ஐயா எழுதியது மிகவும் ஆழமானது. எனினும் நடைமுறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வெட்கம் என்பது மறைவில்தான் வளரும். ஆகவே உங்கள் பகுதியில் நடக்கும் கன்வென்ஷன் கூட்டம் ஒன்றில், முடிந்தால் உங்கள் தந்தையையும் அழைத்துக்கொண்டு, மேடையேறி எல்லாவற்றையும் சாட்சியாகச் சொல்லிவிடுங்கள். ஆயிரம் பேர் முன்னிலையில் ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் சாட்சியால் பலர் விடுதலை பெறவும் கூடும். பழைய சபையில் தொடர்ந்து மனம் புண்படுமானால், நகரத்தில் உங்களை யாருக்கும் தெரியாத ஒரு சபையில் புதிதாகத் தொடங்குவதிலும் தவறில்லை. கர்த்தர் பழையவைகளை ஒழியச் செய்கிறவர்.

பதில்: வேலூர் சமூகப் பணியாளர்

மருத்துவமனைகளில் நோயாளிகளின் குடும்பங்களோடு பணியாற்றி வருகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஜெபவீரன் அவர்களின் நல்ல நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன இரண்டு வழிகளையும் தயவுசெய்து இப்போது எடுக்காதீர்கள் என்று இந்தச் சகோதரியைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெட்கம் மறைவில் வளரும் என்பது உண்மை. ஆனால் அறிமுகமில்லாத ஆயிரம் பேருக்குமுன் சொல்வது வேறு, உங்களை அறிந்த நான்கு பேருக்குமுன் சொல்வது வேறு. மேடையில் உங்கள் துயரம் ஒரு நிகழ்ச்சியாகிவிடும். கைதட்டலும் அல்லேலூயாவும் கிடைக்கும். மறுநாள் காலையில் உங்கள் தெருவில் அதே முகங்கள்தான் எதிரே வரும். மேலும் அது உங்களுடைய கதை மட்டுமன்று, உங்கள் தந்தையின் கதையும் பணம் இழந்தவர்களின் கதையும்கூட. அவர்களைக் கேளாமல் மேடையில் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றே கருதுகிறேன். ஊரைவிட்டு வேறு சபைக்குப் போவதோ, யாராவது உங்கள் ஊர்ப்பெயரைக் கேட்கும் நாள்வரைதான் தாங்கும்.

குற்ற உணர்வையும் வெட்கத்தையும் பிரித்துப் பார்க்க உளவியலில் வழிகாட்டியவர்களில் ஒருவர் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1971ல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இந்த வேறுபாடு பரவலாக ஏற்கப்பட்டது. குற்ற உணர்வு, நான் செய்த காரியம் தவறு என்கிறது. வெட்கம், நானே தவறான ஆள் என்கிறது. குற்ற உணர்வு உள்ளவர் ஈடுசெய்யப் போவார், வெட்கப்படுகிறவர் ஒளிந்துகொள்வார். உங்கள் வீட்டில் நீங்கள் மாதந்தோறும் பணம் கொடுத்து ஈடுசெய்கிறீர்கள், ஆனாலும் ஒளிந்துகொள்கிறீர்கள். ஈடுசெய்வதனால் மட்டும் வெட்கம் தீராது என்பதற்கு நீங்களே சாட்சி.

நான் எப்போதும் திரும்பத் திரும்பப் போகும் பகுதி மாற்கு 5ஆம் அதிகாரம். 12 வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் மறைந்து வந்து, பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். அந்த நிமிஷமே குணமாகிறாள். அவளுடைய நோய் அங்கேயே தீர்ந்துவிட்டது. இயேசுவை வீட்டுக்கு அழைத்துப்போகும் ஜெபஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகுந்தறுவாயில் கிடக்கிறாள், ஒவ்வொரு நொடியும் அருமையான அந்தச் சமயத்தில் இயேசு நடையை நிறுத்தி, என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். அவளை அப்படியே போகவிட்டிருந்தால் என்ன? அவள் உடம்பு சுகமாகியிருக்கும். ஆனால் அந்த ஊரார் எண்ணத்தில் அவள் தீட்டுப்பட்டவளாகவே இருந்திருப்பாள், தன் எண்ணத்தில் ஆசீர்வாதத்தைத் திருடியவளாக இருந்திருப்பாள். அதனால் அவளை முன்னே வரச்செய்து, அவள் நடுங்கி எல்லாவற்றையும் சொன்னபின், "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று எல்லாரும் கேட்கச் சொல்லுகிறார். சுவிசேஷங்களில் இயேசு ஒரு பெண்ணை மகளே என்று நேராக அழைப்பது இந்த நிகழ்ச்சியில் மட்டுந்தான். வெட்கம் ஊரார் கண்களில் உண்டானது; ஆகவே அதே கண்களுக்கு முன்பாகத்தான் அது நீங்கவேண்டியிருந்தது. அதேவேளையில், அவள் தன்னை வெறுமனே கூட்டத்துக்குமுன் வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. அவளைத் தம்முடையவள் என்று உரிமைகொண்டாட ஒருவர் அங்கே நின்றார். அப்படி ஒருவர் நிற்காத இடத்தில் வெளிப்படையாகப் பேசுவது புண்ணை ஆற்றாது, கிளறிவிடும்.

எங்கள் வேலூரில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீட்டுத்தர முடியும் என்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் காட்டினார். ஆனால் கை நேரான பின்பும் பலருக்குத் திரும்பிப் போக இடமில்லை. வீடு ஏற்கவில்லை, வேலை கிடைக்கவில்லை. பிச்சையெடுத்துப் பிழைத்தவர்களுக்கு, கை சரியானதால் பிச்சையும் குறைந்தது. அதனால் 1951ல் நவஜீவ நிலையம் என்ற பெயரில் கல்லூரி வளாகத்திலேயே கிராமத்தைப் போன்ற ஒரு குடியிருப்பு உருவாக்கப்பட்டது. அங்கே தச்சு வேலை முதலியவற்றைக் கற்றுக்கொண்டு, மீட்கப்பட்ட கைகளால் வாழப் பழகினார்கள். கிறிஸ்தவ ஊழியம் இதைச் செய்ததில் எனக்கு வியப்பில்லை. குஷ்டரோகியைக் குணமாக்கிய இயேசு அவனைத் தொட்டதோடு நிற்காமல், ஆசாரியனிடத்தில் போய்க் காண்பி என்று அனுப்பியதும் அவன் ஊருக்குள் திரும்பச் சேர்க்கப்படவேண்டும் என்பதற்காகத்தானே.

இரண்டு நடைமுறைக் காரியங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜாமீன் கையெழுத்து எதுவும் போடாதவரை, தந்தையின் கடனுக்கு நீங்கள் சட்டப்படி பொறுப்பாளி அல்லர். அவர் காலத்துக்குப் பின்னும், அவர் விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்குமேல் பிள்ளைகளிடம் கேட்கமுடியாது. நீங்கள் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று இதனால் சொல்லவில்லை. கட்டாயத்தால் கொடுக்கவில்லை, அன்பினால் கொடுக்கிறீர்கள் என்பதை நீங்களே அறிந்திருப்பது நல்லது. மற்றொன்று இதைவிட அவசரமானது. கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் உங்கள் தந்தையைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. கடனும் அவமானமும் சேர்ந்த இடத்தில், இனி நான் இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எளிதாக நுழைந்துவிடும். அப்படி எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்காதீர்கள்.

பதில்: பணங்கட்டியவன்

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். நான் மறுபக்கத்தில் இருக்கிறவன். எங்கள் ஊரிலும் ஒரு சீட்டு முறிந்தது. நடத்தியவர் எங்கள் சபையார்தான். என் தங்கையின் கலியாணத்துக்கு வைத்திருந்த தொகை அதில் போயிற்று. ஆகவே பணத்தை இழந்தவர்கள் சார்பாக ஒருவன் பேசுவதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவில்லாமல் சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று பிறகுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. சிலர் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றார்கள், சிலர் சபைக்குள்ளேயே தீர்க்கலாம் என்றார்கள். அந்தச் சண்டையை இங்கே விரிக்க விரும்பவில்லை. எனக்கு நினைவில் நிற்பது வேறு. அவருடைய பிள்ளைகள் தெருவில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பணத்தையும் வாங்கிக்கொண்டு திமிராகவும் நடக்கிறார்கள் என்று நாங்கள் எண்ணினோம். அவர்கள் வெட்கத்தால் திரும்பிக்கொள்கிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சகோதரி, நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்துபோவதை உங்கள் சபையார் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோவதற்கு, உங்களிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியாததே காரணமாக இருக்கலாம்.

எங்கள் ஊரில் நிலைமை மாறியது அவருடைய மனைவியால். ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, கணக்கு நோட்டை என் தாயார்முன் திறந்து வைத்து, இவ்வளவு தரவேண்டியிருக்கிறது, மறக்கவில்லை, மாதம் இவ்வளவுதான் எங்களால் முடியும் என்றார். மன்னிக்கும்படி கேட்டு அழவில்லை, வசனமும் சொல்லவில்லை. என் தாயார் கோபமாகவே பேசினார், நியாயமான கோபம். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். போகும்போது என் தாயார் காப்பி கொடுத்தார். பணம் முழுவதும் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த மாலைக்குப் பிறகு நாங்கள் தெருவில் பேசிக்கொள்கிறோம்.

மன்னிக்கவேண்டும் என்று எங்களுக்கு எத்தனையோ பிரசங்கம் செய்தார்கள். இழந்தவனிடம் முதலில் மன்னிப்பைக் கேட்பது அவன்மேல் இன்னொரு சுமையை வைப்பதாகும். அவனுடைய இழப்பு உண்மையானது, அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, யாரும் அதை மறைக்கவில்லை என்று அவனுக்கு முதலில் தெரியவேண்டும். மன்னிப்பு அதற்குப் பிறகு வரும். எனக்கு வந்தது, மெதுவாக.

தெற்குத்தெரு ஆசிரியை மீண்டும் எழுதியது

எல்லாருக்கும் என் நன்றி. பணங்கட்டியவன் என்ற பெயரில் எழுதிய அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். என் முகத்திருப்பல் திமிராகத் தெரியக்கூடும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. அதை வாசித்தபின் அம்மாவிடம் பேசினேன். முதலில் பீடி சுற்றும் பெண்களில் மூத்தவரான பெரியம்மா ஒருவர் வீட்டுக்கு நாங்கள் இருவரும் நோட்டோடு போவதென்று முடிவு செய்திருக்கிறோம். பயமாகத்தான் இருக்கிறது. வேலூர் அக்கா சொன்னபடி அப்பாவிடம் நேராகக் கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்து, அப்படி எண்ணம் வந்ததுண்டு என்றார். அந்த எண்ணுக்கு அவரும் நானும் சேர்ந்தே பேசினோம்; மருத்துவமனைக்கும் போகப்போகிறோம்.

இன்னும் ஒரு கேள்வி, குருவானவர் ஐயாவுக்கு. கடைசிக் காசைத் திருப்பிக் கொடுக்கும்வரை நற்கருணை எடுக்கமாட்டேன் என்று அப்பா உறுதியாக இருக்கிறார். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார். எங்கள் கணக்குப்படி முழுக்கடனும் தீர அவருடைய ஆயுள் போதாது. அவர் செய்வது சரியா?

பதில்: ஓய்வுபெற்ற குருவானவர், நாகர்கோவில்

அன்பு மகளே, மருத்துவமனைக்குப் போகும் முடிவுக்காகத் தேவனைத் துதிக்கிறேன். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் தந்தை வசனத்தை அற்பமாக எடுத்துக்கொள்ளாதவர் என்பதை அவருடைய பிடிவாதமே காட்டுகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வசனம் ஒப்புரவாகு என்றுதான் சொல்லுகிறது. கடனைத் தீர்த்து முடி என்று சொல்லவில்லை. ஒப்புரவு என்பது நோட்டை மறைக்காமல் திறந்துவைத்து, தவறைத் தவறென்று சொல்லி, இயன்றதைக் கொடுக்கத் தொடங்குவது. அது ஒரு மாலையில் தொடங்கக்கூடியது என்பதைப் பணங்கட்டிய தம்பி எழுதியிருக்கிறார். நீங்களும் உங்கள் அம்மாவும் போகும்போது, முதல் வீட்டுக்கு இல்லாவிட்டாலும் இரண்டாவது வீட்டுக்காவது, உடல்நிலை இடங்கொடுத்தால், உங்கள் தந்தையும் வரவேண்டும். இது உங்களுடைய வெட்கத்துக்கும் தேவையானது. ஏனென்றால் அவர் சுமக்கவேண்டிய பங்கை இதுவரை நீங்கள் சுமந்து வந்திருக்கிறீர்கள்.

லூக்கா 19ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று சொன்னது எப்போது? இயேசு அவனுடைய வீட்டுக்கு வந்தபின். மரத்தின்மேல் இலைகளுக்கிடையில் இருந்தவனை அண்ணாந்து பார்த்துப் பேர்சொல்லி அழைத்து, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றபோது அவன் ஒரு காசையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. ஊரார் முறுமுறுத்தார்கள், அவர்களுடைய முறுமுறுப்பிலும் நியாயம் இருந்தது, இழந்தது அவர்கள் பணம். ஆனாலும் பந்தி முதலில் வந்தது. அந்தப் பந்தியிலிருந்துதான் திருப்பிக் கொடுக்கும் பலம் வந்தது. உங்கள் தந்தை இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறார். தகுதியானபின் வருவேன் என்கிறவருக்குத் தகுதி ஒருநாளும் வராது. அவருக்கு மட்டுமன்று, எனக்கும் அப்படித்தான்.

மேலும், தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து (நற்கருணை) ஆராதனை முறையில், அப்பத்துக்கும் ரசத்துக்கும் முன்பாகச் சமாதானம் கொடுக்கும் ஒரு பகுதி உண்டு. சீரியன் திருச்சபை மரபிலிருந்து நம் முன்னோர் அதை எடுத்துக்கொண்டார்கள். குருவானவரிடமிருந்து தொடங்கி, கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இருவரும் இடக்கையால் மூடிக்கொண்டு, அது வரிசை வரிசையாகக் கடைசி வரை வரவேண்டும். பல சபைகளில் இப்போது இருந்த இடத்திலிருந்தே கைகூப்புவதோடு முடித்துக்கொள்கிறோம். அதில் நமக்குப் பெரிய நஷ்டம் உண்டு என்பது என் எண்ணம். கடன்பட்டவரின் கையைக் கடன் கொடுத்தவர் பிடிக்கவேண்டிய இடம் அது.

உங்கள் சேகர குருவானவரிடம் இந்த வாரமே போய், நீங்கள் இங்கே எழுதியதைச் சொல்லுங்கள். உங்கள் தந்தையால் இப்போதைக்கு ஆலயத்துக்கு வரமுடியாவிட்டால், நோயுற்றவர்களுக்குச் செய்வதுபோல வீட்டில் நற்கருணை கொடுக்கலாம். அவரோடு சபை மூப்பர் ஒருவரும், சம்மதித்தால் பணத்தை இழந்தவர்களில் ஒருவரும் வந்து உட்காரலாம். அந்த ஒருவர் யார் என்பதைக் குருவானவர் தீர்மானிக்க வேண்டாம். யாரையும் வற்புறுத்தவும் வேண்டாம். பெரியம்மா வீட்டுக்குப் போய்வந்தபின் அது உங்களுக்கே தெரியவரும்.